பகிர்வு ஹோஸ்டிங்கில் பிஎச்பி தளம் திணறுகிறதா? மட்டக்களப்பு, அம்பாறைத் தள நடத்துநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயில், பாடசாலை, தனியார் வகுப்பு, ஊர்ச் செய்தித் தளம், அறுகம்பேயில் ஒரு தங்குவிடுதி என்று எங்கள் பக்கத்துத் தளங்களில் அநேகமானவை பகிர்வு ஹோஸ்டிங்கில்தான், அதாவது பல தளங்கள் ஒரே சேர்வரைப் பங்கிடும் முறையில்தான் ஓடுகின்றன. கட்டணம் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு "பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்ற பதிலை எல்லோராலும் லேசாக ஏற்க முடிவதில்லை. மாற வேண்டிய தேவையும் பல தளங்களுக்கு இல்லை. இருக்கிற பிளானிலேயே, பக்கங்களைத் தயாரித்துக் கொடுக்கும் பிஎச்பி நிரல் செய்யும் வீண்வேலையைக் குறைத்தால் போதும். அதற்கான கேள்விகளும் பதில்களும்தான் கீழே இருப்பவை.

தளத்தைத் திறந்தால் "508" என்று வருகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது. என்ன நடக்கிறது?

பகிர்வு ஹோஸ்டிங் கம்பனிகள் பல கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பாவிக்கின்றன. ஒரே சேர்வரில் இருக்கும் நூற்றுக்கணக்கான கணக்குகளில் ஒன்று மற்றவற்றை நெரிக்காமல் இருக்க, அது ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி எல்லை போடுகிறது. சிபியு, நினைவகம், டிஸ்க் வாசிப்பு வேகம், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி வேலைகள் என எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு.

இதில் கடைசியாகச் சொன்னதன் பெயர் என்ட்ரி பிராசஸ். அது நிரம்பினால்தான் 508 வரும். நினைவக எல்லையைத் தாண்டினால் 500 அல்லது 503 வரும். சிபியுவோ டிஸ்க் வேகமோ எல்லையைத் தொட்டால் எந்தப் பிழையும் காட்டாது, தளம் இழுபட்டு இழுபட்டுத் திறக்கும், அவ்வளவுதான். ஆகவே முதலில் எந்த எண் வருகிறது என்று பாருங்கள். எண்ணுக்கு எண் மருந்து வேறு.

எங்கள் தளத்துக்கு ஒரு நாளைக்குச் சில நூறு பேர்தான் வருகிறார்கள். அதற்குப் போய் எல்லை நிரம்புமா?

நிரம்பும். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். சலூனில் கதிரை இருபது என்று வையுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் வாசலில் வரிசையே நிற்காது. ஆளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் தெரு வரை நிற்கும்.

உங்கள் எல்லை 20 என்றால், ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரைச் செக்கன் எடுக்கும் தளம் செக்கனுக்கு 40 பக்கம் கொடுக்கும். அதே பக்கத்துக்கு 4 செக்கன் எடுத்தால் செக்கனுக்கு 5 பக்கம்தான். மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்கள் என்ற செய்தியை நீங்கள் முகநூலில் பகிர்ந்தால், செக்கனுக்கு அந்த ஐந்து பக்கம் என்பது முதல் நிமிடத்திலேயே போதாமல் போய்விடும். மக்கள் உண்மையிலேயே தேடி வரும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் விழாத தளமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் வருகைக் கணக்கில் மனிதர்கள் மட்டும்தான் இருப்பார்கள். தேடுபொறிகளின் தானியங்கிகள், உங்கள் நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாம் அதில் தெரியாது. ஆனால் அவையும் இடம் பிடிக்கின்றன.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் "ரிசோர்ஸ் யூசேஜ்" என்று ஒரு பக்கம் இருக்கும். எந்த மணித்தியாலத்தில் எந்த எல்லை தொடப்பட்டது என்று அதில் வரைபடமாகத் தெரியும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, "ரோ அக்சஸ்" பகுதியிலிருந்து பதிவுக் கோப்பை இறக்கி, அதே நேரத்தில் எந்தெந்த முகவரிகள் கேட்கப்பட்டன என்று பாருங்கள். சேர்வரின் கடிகாரம் இலங்கை நேரத்தில் இல்லாமல் இருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

வேர்ட்பிரஸ் தளங்களில் அடிக்கடி கண்ணில் படுவது இரண்டு கோப்புகள். ஒன்று நுழைவுப் பக்கமான டபிள்யூபி-லாகின், மற்றது வெளிச்செயலிகள் தளத்தோடு பேசும் வழியான எக்ஸ்எம்எல்-ஆர்பிசி. இரண்டாவதைப் பாவிக்கும் வெளிச்செயலி எதுவும் உங்களிடம் இல்லையென்றால் சேர்வருக்கான விதிகளை எழுதும் ஹெச்டிஆக்சஸ் கோப்பிலேயே அதை மூடிவிடலாம். பிளகின் மூலம் மூடுவதைவிட இது நல்லது. பிளகின் தடுப்பதற்குள் வேர்ட்பிரஸ் முழுவதும் எழும்பி, இடம் பிடித்து, நினைவகமும் செலவாகிவிடும்.

காணாமல் போன படங்களையும் தேடுங்கள். பழைய செய்தியில் இருக்கும் ஒரு படம் அழிக்கப்பட்டிருந்தால், ஹெச்டிஆக்சஸ் விதி அந்தக் கோரிக்கையை வேர்ட்பிரஸிடமே தள்ளிவிடும். முழுத் தளமும் எழும்பி, "அப்படி ஒரு படம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கும். வார்ப்புருவிலேயே இப்படி ஒரு படம் இல்லாமல் இருந்தால், ஒவ்வொரு வாசகரும் தளத்தை இரண்டு தரம் எழுப்புகிறார்.

சொந்தமாக எழுதிய நிரல் என்றால், தொடக்கத்தில் நேரத்தைப் பிடித்து முடிவில் கழித்துப் பாருங்கள். உச்ச நினைவகப் பாவனையைச் சொல்லும் செயற்கூறும் பிஎச்பியிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். ஊகத்தில் மாற்றம் செய்ய வேண்டாம்.

பிஎச்பியைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் போதுமா?

இன்னமும் 5.6இல் நிற்பவர்களுக்கு அதுவே பெரிய மாற்றம். 2015 டிசம்பரில் வந்த 7.0, வேர்ட்பிரஸ் போன்றவற்றைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியது. அதற்குப் பிந்திய பதிப்புகளிலும் வேகம் கூடியது, ஆனால் அந்தளவு பாய்ச்சல் இல்லை. 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. வேகம் வேண்டாம் என்றாலும் அதற்காகவாவது, 8இல் இன்னமும் திருத்தம் கிடைக்கும் ஒரு பதிப்புக்கு வர வேண்டும்.

பழைய நிரல் உடையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். "மைஎஸ்கியூஎல்_" என்று தொடங்கும் பழைய தரவுத்தளச் செயற்கூறுகள் 7.0இலேயே நீக்கப்பட்டன. அவற்றை மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓ முறைக்கு மாற்றி எழுத வேண்டும். மாற்றிய பிறகு எரர்-லாக் கோப்பின் அளவையும் கவனியுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எச்சரிக்கை எழுதி எழுதி அது ஜிகாபைட் கணக்கில் வளர்ந்து, டிஸ்க் எல்லையையும் தின்றுவிடும்.

அப்படியே "செலெக்ட் பிஎச்பி வேர்ஷன்" பக்கத்தில் ஓப்கேச் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிஎச்பி ஒவ்வொரு கோரிக்கைக்கும் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து வாசித்து மொழிமாற்றும். ஓப்கேச் அந்த மொழிமாற்றத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். 5.5 முதல் பிஎச்பியுடனேயே வருகிறது. நிரலில் ஒரு வரிகூட மாற்றத் தேவையில்லை.

கேச் பிளகின் போட்டும் 508 நிற்கவில்லை. ஏன்?

பக்கக் கேச் செய்வது எளிமையான வேலை. ஒருமுறை தயாரித்த பக்கத்தை ஹெச்டிஎம்எல் கோப்பாக வைத்திருந்து, அடுத்து வருபவருக்கு அதையே கொடுக்கிறது. பிஎச்பியே ஓடாமல் அந்தக் கோப்பு போனால் என்ட்ரி பிராசஸ் கணக்கிலும் சேராது. இதற்கு மிஞ்சிய சிக்கனம் வேறு இல்லை.

ஆனால் எங்கள் பக்கத் தளங்களுக்கு வாசகர்கள் அநேகமாக முகநூலிலிருந்து வருகிறார்கள். முகநூல் ஒவ்வொரு சொடுக்கலுக்கும் முகவரியின் வாலில் "எஃப்பிசிஎல்ஐடி" என்று ஒரு நீண்ட குறியீட்டை ஒட்டி அனுப்புகிறது. அது சொடுக்கலுக்குச் சொடுக்கல் வேறு. சரியாக அமைக்காத கேச், ஒவ்வொன்றையும் புதுப் பக்கம் என்று எண்ணித் திரும்பத் திரும்பத் தயாரிக்கும். ஒரே செய்தியை ஆயிரம் பேர் திறந்தால் ஆயிரம் தரம் வேலை. கேச் பிளகினின் அமைப்பில் "இந்தக் குறியீட்டைப் புறக்கணி" என்ற தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். 508க்கு நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

லைட்ஸ்பீட் கேச் பிளகின் என்றால், உங்கள் ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சேர்வரில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதன் பக்கக் கேச் வேலை செய்யாது.

எங்களுடையது வேர்ட்பிரஸ் இல்லை. மாணவர்கள் சுட்டெண்ணைக் கொடுத்துத் தவணைப் பரீட்சைப் புள்ளி பார்க்கும் பக்கம். வெளியிட்ட உடனே விழுந்துவிடுகிறது.

இது தீர்க்கக்கூடிய பிரச்சினை, அதுவும் முழுதாகவே. புள்ளிகள் வெளியிட்ட பிறகு மாறப் போவதில்லை. அப்படியிருக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு தரமும் தரவுத்தளத்தில் தேடி, கூட்டி, நிலை கணக்கிட்டு, அட்டவணை வரைய வேண்டியதில்லை.

வெளியிடுவதற்கு முதல் நாளே ஒரு நிரலை ஓட்டி, ஆளுக்கொரு சின்னக் கோப்பாக எழுதிவிடுங்கள். 600 பிள்ளைகள் என்றால் 600 கோப்புகள், சில கிலோபைட் வீதம். அவற்றைப் பப்ளிக்-ஹெச்டிஎம்எல் கோப்புறைக்கு (உலாவியில் நேரே திறக்கக்கூடியவை இருக்கும் கோப்புறை) வெளியே வையுங்கள். புள்ளிகள் பிள்ளைகளின் தனிப்பட்ட விடயம், பக்கத்து வீட்டுக்காரர் சுட்டெண்ணை ஊகித்துப் பார்க்கும் நிலை இருக்கக் கூடாது. ஆகவே சுட்டெண்ணோடு பிறந்த திகதியையும் கேட்டு, இரண்டோடும் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசியச் சொல்லைச் சேர்த்து ஹாஷ் செய்து (திரும்ப ஊகிக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி), அதையே கோப்பின் பெயராக வையுங்கள். பார்வைப் பக்கத்துக்கு இருபது வரி பிஎச்பி போதும். அது ஹாஷைக் கணக்கிடும், கோப்பு இருந்தால் அப்படியே வெளியிடும். தரவுத்தளத் தொடர்பே இல்லை. சில மில்லிசெக்கனில் இடத்தை விட்டு எழும்பிவிடும்.

புள்ளி திருத்தம் வந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் மறுபடி எழுதினால் சரி. எழுதும்போது தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். நேரடியாக எழுதினால் பாதி எழுதிய கோப்பு யாருக்காவது போய்விடக்கூடும்.

தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் போட்டிருக்கிறேன். இருந்தும் தேடல் மெதுவாகத்தான் இருக்கிறது.

இண்டெக்ஸ், அதாவது வரிசைகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணைச் சுட்டி, இருப்பது வேறு, அது பாவிக்கப்படுவது வேறு. பிஎச்பிமைஅட்மினில் உங்கள் வினவலுக்கு முன்னால் "எக்ஸ்பிளெய்ன்" சேர்த்து ஓட்டுங்கள். எத்தனை வரிசைகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று காட்டும். அந்த எண் அட்டவணையின் மொத்த வரிசைக்குக் கிட்ட இருந்தால் இண்டெக்ஸ் சும்மா கிடக்கிறது.

அடிக்கடி காணும் காரணங்கள் மூன்றைச் சொல்கிறேன். சுட்டெண், தொலைபேசி இலக்கம் போன்றவற்றை எழுத்து வகைப் பத்தியில் சேமித்துவிட்டு, வினவலில் மேற்கோள்குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுப்பது முதலாவது. மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரிசையையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும், இண்டெக்ஸைத் தொடாது. இரண்டு மேற்கோள்குறி போட்டால் வேலை முடிந்தது. இரண்டாவது, திகதிப் பத்தியை "இயர்" செயற்கூறுக்குள் போட்டு ஆண்டைப் பிரித்தெடுத்துத் தேடுவது. அதற்குப் பதிலாக ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று எல்லையாகக் கொடுங்கள். மூன்றாவது, சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் வீதக்குறி போட்டுத் தேடுவது. முன்னால் வீதக்குறி இருந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது.

இதோடு சேர்த்து ஒன்று. கோயில் உபயகாரர் பட்டியல் ஒன்றை ஒரு வினவலில் எடுத்து, பிறகு ஒவ்வொருவருக்கும் அவர் செலுத்திய பணத்தைக் கேட்டுத் தனித்தனி வினவல் அனுப்பும் நிரல்கள் நிறைய உண்டு. 50 பேர் என்றால் 51 வினவல். இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் ஜாயின் போட்டு ஒரே வினவலாக்குங்கள்.

முகப்பில் டொலர் விலையும் வானிலையும் காட்டும் சிறு பெட்டிகள் இருக்கின்றன. அவற்றால் பாதிப்பு உண்டா?

அவை வாசகரின் உலாவியிலிருந்து நேரே வருபவை என்றால் உங்கள் சேர்வருக்குப் பாதிப்பு இல்லை. உங்கள் பிஎச்பி போய்க் கேட்டு வருகிறது என்றால், நல்ல பாதிப்பு.

அந்த வெளிச்சேர்வர் ஒரு நாள் மந்தமாகிறது என்று வையுங்கள். பிஎச்பியின் இயல்பான சாக்கெட் காத்திருப்பு 60 செக்கன். வெளிச்சேர்வரைக் கேட்கும் கர்ல் என்ற கருவியைப் பாவித்து நேர எல்லை கொடுக்காவிட்டால் பதிலுக்கான காத்திருப்புக்கு எல்லையே கிடையாது. "30 செக்கனுக்கு மேல் நிரல் ஓடாதே" என்றும் நம்ப முடியாது, லினக்ஸில் வெளியே காத்திருக்கும் நேரம் அந்த 30இல் சேராது. ஆக, முகப்பைத் திறந்த ஒவ்வொருவரும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இருபதாவது ஆளோடு தளம் 508. சிபியு வரைபடத்தைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

வாசகர் வரும் நேரத்தில் வெளியே போய்க் கேட்கவே வேண்டாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிரான் வேலை (குறித்த நேரத்தில் சேர்வர் தானாக ஓட்டும் வேலை) ஒன்று போய்க் கேட்டு, பதிலைக் கோப்பில் எழுதட்டும். முகப்பு அந்தக் கோப்பை வாசிக்கட்டும். கிரானுக்கும் 5 செக்கன் எல்லை போடுங்கள். பதில் வராவிட்டால் பழைய விலையே கிடக்கட்டும், பக்கத்தில் நேரத்தைக் காட்டினால் போதும்.

காப்புப்பிரதியை இரவு 2 மணிக்கு வைத்திருக்கிறேன். நல்லதுதானே?

உள்ளூர் வாசகர்கள் மட்டும் என்றால் நல்லது. ஆனால் எங்கள் ஊர்த் தளங்களின் வாசகர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கக்கூடும். இங்கே இரவு 2 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் பின்னேரம் 4.30, குளிர்காலத்தில் 3.30. இலண்டனில் இரவு 8.30 அல்லது 9.30, அதாவது சாப்பிட்டுவிட்டு ஊர்ச் செய்தியும் மரண அறிவித்தலும் பார்க்கும் நேரம். உங்கள் தளத்தின் வருகைக் கணக்கைப் பார்த்து, உண்மையிலேயே ஆள் குறைந்த நேரத்துக்கு மாற்றுங்கள். பல தளங்களில் அது எங்கள் காலைப்பொழுதாக இருக்கும்.

வேர்ட்பிரஸின் சொந்தக் கிரானையும் நிறுத்திவிடலாம். அது கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. யாராவது வந்தால்தான் செய்ய வேண்டிய வேலை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தனக்கே இன்னொரு கோரிக்கை அனுப்பும். கூட்டம் வரும் நேரத்தில்தான் கூடுதல் வேலையும் தொடங்கும். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் அதை முடக்கிவிட்டு, சிபேனலில் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு கிரான் வேலை வையுங்கள்.

கைபேசியில் எடுத்த படத்தை ஏற்றினால் 500 பிழை. படம் வெறும் 4 மெகாபைட்தான்.

டிஸ்க்கில்தான் 4. படத்தைச் சிறிதாக்க பிஎச்பி அதை முதலில் விரிக்க வேண்டும். 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்) என்றால் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் கிட்டத்தட்ட 48 மெகாபைட். சிறிய பிரதிக்கு வேறு இடம் வேண்டும். வேர்ட்பிரஸ் ஒரு படத்துக்குப் பல அளவுகளில் பிரதி எடுக்கும். திருவிழாப் படங்கள் இருபதை ஒரே மூச்சில் இழுத்துப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

ஏற்றுவதற்கு முன் கைபேசியிலேயே அகலத்தை 1600 அளவுக்குக் குறையுங்கள். செய்தியாளர்களுக்கு இதைப் பழக்கிவிட்டால் வாசகர்களின் டேட்டாவும் மிஞ்சும்.

பிஎச்பியின் நினைவக எல்லையை 128 மெகாபைட்டிலிருந்து 512 ஆக்கினால்?

பிரச்சினையைத் தள்ளிவைக்கலாம், குறைக்க முடியாது. கணக்குக்கு மொத்தமே 1 ஜிகாபைட் என்றால், 512 எடுக்கும் இரண்டு வேலைகள் சேர்ந்தாலே முடிந்தது. பெரிய சிஎஸ்வி கோப்பை முழுதாக நினைவகத்துக்கு எடுக்கும் நிரலாக இருந்தால், வரி வரியாக வாசிக்கும்படி மாற்றுங்கள். ஒரு இலட்சம் வரி என்றாலும் சில மெகாபைட்டில் முடியும்.

ஆசிரியர்கள் புள்ளி பதியும்போது ஒருவருக்கே பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் திறக்கின்றன. ஏன்?

செஷன் பூட்டு. செஷன் என்பது யார் நுழைந்திருக்கிறார் என்று நினைவில் வைத்திருக்கும் ஏற்பாடு. பிஎச்பி செஷனைத் தொடங்கியதும் அந்தப் பாவனையாளரின் செஷன் கோப்பைப் பூட்டிவிடும். முதல் கோரிக்கை முடியும் வரை அவருடைய இரண்டாவது கோரிக்கை வாசலில் நிற்கும். நிற்கும்போதும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். யார் நுழைந்திருக்கிறார் என்று வாசித்து முடிந்த கையோடு செஷனை எழுதி மூடிவிடுங்கள், அதற்கென்றே செயற்கூறு உண்டு. பொதுமக்கள் பார்க்கும் பக்கங்களில் செஷனைத் தொடங்கவே வேண்டாம்.

பிளகின்கள் எத்தனை இருக்கலாம்?

எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. முப்பது சின்னப் பிளகின்களைவிடப் பாரமான ஒன்று இருக்கும். குவெரி மொனிட்டர் பிளகினைப் போட்டு எது எவ்வளவு வினவல் அனுப்புகிறது என்று பாருங்கள், பார்த்து முடிந்ததும் அதையும் எடுத்துவிடுங்கள். நீக்கிய பிளகின்கள் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் விட்டுச்சென்ற தரவும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்றப்படக்கூடும். வேர்ட்பிரஸ் 6.6 முதல், இப்படித் தானாக ஏற்றப்படும் தரவு மொத்தம் 800 கிலோபைட்டைத் தாண்டினால் தள ஆரோக்கியப் பக்கம் எச்சரிக்கிறது.

தமிழ் எழுத்துகள் கூடுதல் இடம் பிடிக்கும் என்கிறார்களே?

யூடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. "கொ" போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆனால் பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் முறையில் தமிழ்ப் பக்கம் நன்றாகச் சுருங்கும். அது இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள், படுவான்கரையில் சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியும். சேர்வர் சுமைக்கு இது பெரிய காரணம் இல்லை.

எல்லாம் செய்தும் எல்லை நிரம்புகிறது. விபிஎஸ்ஸுக்கு, அதாவது நாமே பார்த்துக்கொள்ளும் தனி மெய்நிகர் சேர்வருக்குப் போகலாமா?

கேச் ஒழுங்காக ஓடி, மெதுவான வினவல்கள் திருத்தப்பட்டு, தானியங்கிகளும் தடுக்கப்பட்ட பிறகும் நாளாந்தம் எல்லை தொடப்படுகிறது என்றால் உங்கள் தளம் வளர்ந்திருக்கிறது, போகலாம். ஆனால் விபிஎஸ்ஸில் பாதுகாப்புத் திருத்தம், காப்புப்பிரதி, மின்னஞ்சல் எல்லாம் உங்கள் தலையில். அதைப் பார்க்க ஆள் இல்லாத கோயிலுக்கோ பாடசாலைக்கோ நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குப் பகிர்வு ஹோஸ்டிங்கிலேயே அடுத்த பிளான் நல்லது.

அதற்கு முன் ஹோஸ்டிங் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். "தளம் மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் பிளானை மாற்றச் சொல்வார்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த எல்லை, அந்த நேரம் பதிவில் எந்த முகவரி, நீங்கள் இதுவரை என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மெதுவான வினவல்களின் பதிவு அவர்களிடம் இருக்கலாம், உங்கள் கணக்குக்குரியதை அனுப்பும்படி கேளுங்கள்.